மட்டிச் செய்தியை முதலில் அனுப்பியது யார்

ஆறு நாளாக சான் பெலாயோவில் ஒருவரும் மட்டி வாங்கவில்லை. போன வாரம் கதையைத் தவறவிட்டவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். இருந்தாலும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை காலை ஊரில் ஒரு செய்தி கிளம்பியது. நம் விரிகுடாவில் சிவப்பு அலை வந்துவிட்டது, மட்டி தின்னாதீர்கள் என்று. கடலில் நச்சுப் பாசி பெருகுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அந்த நேரத்தில் மட்டி தின்றால் முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் மூச்சு திணறும். மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி வளர்ந்து, பக்கத்து ஊரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்று ஆனது. சாயங்காலம் மூன்று ஐந்தானது.

சனிக்கிழமை தெல்மா பேருந்து ஏறி மீன்வளத் துறை அலுவலகத்துக்கே போனாள். விரிகுடா சுத்தம் என்று முத்திரை போட்ட தாளை வாங்கி வந்து சந்தையில் தன் மட்டிக் கடை முகப்பில் ஒட்டினாள். அதை எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு எதிர்க் கடையில் பால்மீன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எதிர்க் கடை பசீத்தாவுடையது. தெல்மாவுக்கு அது போதாதா?

*

புதன்கிழமை காலை தெல்மா ஒரு சட்டி நிறைய மட்டிக் குழம்போடு தம்பி வீட்டுக்குள் வந்தாள். தம்பி ரோதெல் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். ஒன்பது வயதிலிருந்து அவனை வளர்த்தது அக்காதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய்.

"ஜென், சாப்பிட்டாச்சா?"

"இப்பதான் மனாங். உக்காருங்க," என்றாள் ஜெனலின். ரோதெலின் மனைவி. ஊர் உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியை. புருஷனின் அக்காவை அவளும் அக்கா என்றுதான், எங்கள் பேச்சில் மனாங் என்றுதான், கூப்பிடுவாள்.

"உக்கார நேரமில்ல. இந்தா, சட்டியப் பிடி. இஞ்சியும் முருங்கைக் கீரையும் போட்டிருக்கேன். ஊர்ல யாரும் வாங்கலன்னா நாமளாவது திங்கணும்ல."

"ஆறு நாளா மட்டிதான் மனாங்," என்றான் ரோதெல். "இன்னும் ரெண்டு நாள் போனா எனக்கு முதுகுல ஓடு முளைச்சிடும்."

"முளைச்சா நல்லது. உன்னையும் கழியில கட்டித் தண்ணியில தொங்க விட்டுடுவேன்."

சிரித்தார்கள். ஆனால் தெல்மா வந்தது சிரிக்க அல்ல. விரிகுடாவில் அவள் மூங்கில் கழிகளில் மட்டி முற்றிக் கனத்துப்போய்த் தொங்குகிறது. இந்த வாரம் அறுக்காவிட்டால் தானே உதிர்ந்து சேற்றில் விழுந்துவிடும். ஒன்பது மாதத்து உழைப்பு அது.

"நாலு மணிக்கு ஊர் மன்றத்துக்குப் போறேன்," என்றாள். "புகார்ப் புத்தகத்துல பசீத்தா பேர எழுதப் போறேன். அவளையும் வரச் சொல்லி ஆளனுப்பியாச்சு."

"அவங்கதான் கிளப்பிவிட்டாங்கன்னு எப்படி மனாங் சொல்றீங்க?"

"யாருக்கு யாவாரம் கூடுச்சோ அவதான். இதுக்கு வேற பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தணுமா?"

பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஜெனலின் நடத்தும் பாடமே அதுதான். ஊடகமும் தகவலும். ஒரு செய்தி எங்கிருந்து வருகிறது, யார் கையில் எப்படி மாறுகிறது, நம்புமுன் என்ன பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. திங்கட்கிழமை அவள் இந்த மட்டிச் செய்தியையே பாடமாக எடுத்துக்கொண்டாள். அவரவர் வீட்டுக்கு அது யாரிடமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தைகளில் என்று கேட்டு எழுதி வரச் சொன்னாள்.

"இன்னிக்கு முதல் ஆளைத் தொட்டுடுவோம்னு நினைக்கிறேன்," என்றாள். "நாலு மணிக்குள்ள நானே வந்து யாருன்னு சொல்றேன். அதுவரைக்கும் பசீத்தா பேர எழுதாதீங்க மனாங். தப்பாப் போச்சுன்னா பாவம்."

தெல்மா வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"சரி. இந்த ஊர்ல ஒருத்தர் சொல்றத அப்படியே நம்பலாம்னா அது நீதான். நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கறேன்."

மேசையின் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐரா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜெனலினின் ஒரே மகள், பதினேழு வயது, அம்மாவின் வகுப்பிலேயே படிக்கிறாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"என்னடி, உடம்பு சரியில்லையா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை. நேரமாச்சு."

*

வகுப்புக்குள் ஐராவுக்கு அம்மா கிடையாது, மேடம்தான். முதல் நாள் தப்பி 'அம்மா' என்று கூப்பிட்டு, நாற்பத்துநாலு பேரும் ஒரு வாரம் அவளை 'குழந்தே' என்று கேலி செய்ததிலிருந்து அவள் தவறுவதில்லை.

சுவரில் நான்கு பெரிய பழுப்புத் தாள்களைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர், ஒரு நேரம், வந்த செய்தி. சீட்டுக்குச் சீட்டு கோடு போட்டு இணைத்திருந்தார்கள். கீழே கூட்டமாக இருந்த கோடுகள் மேலே போகப் போகக் குறைந்தன.

"யாரையும் திட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன், ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் ஜெனலின். "யாரு தப்பு பண்ணாங்கன்னு தேடல. எந்த இடத்துல மாறுச்சுன்னு தேடறோம்."

"மேடம், எங்கப்பா சீட்டுல அஞ்சு பேரு செத்துட்டாங்க," என்றான் ஆர்வின். வகுப்பில் எப்போதும் முதலில் வாயைத் திறப்பவன். "அவருக்கு அனுப்பின மாமா சீட்டுல மூணு பேருதான். நடுவுல ரெண்டு பேர எங்கப்பாதான் கொன்னிருக்காரு."

வகுப்பு சிரித்தது. ஜெனலினும் சிரித்தாள்.

மேலே போகப் போகச் செய்தி சின்னதாகிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிச் சீட்டில் யாரோ மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்று இருந்தது. பத்து மணிக்கு அது இல்லை. எட்டு மணிக்கு 'யாரும் தின்னாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்' இருந்தது. ஏழரைக்கு அதுவும் இல்லை, தேவாலயப் பாட்டுக் குழுவில் ஒருத்தி அனுப்பிய இரண்டே வரி. அவளுக்குச் செய்தி கிடைத்தது தன் அக்காவிடமிருந்து. அக்கா இதே பள்ளியின் உணவகத்தில் சமைப்பவள்.

"சமையல்கார அம்மாகிட்ட யாரு கேட்டு எழுதறதா இருந்தீங்க?" என்றாள் ஜெனலின்.

"நான்தான் மேடம்," என்றாள் ஐரா.

"கேட்டியா?"

"கேட்டேன். அவங்களுக்கு ஞாபகம் இல்லியாம்."

ஜெனலின் மேற்கொண்டு கேட்கவில்லை. "சரி, மேலே இருந்தும் தேடிப் பாப்போம்," என்று சொல்லித் திரையை இறக்கினாள். மீன்வளத் துறையின் பக்கத்தைத் திறந்து, வியாழக்கிழமைக்கு முந்தின நாள் போட்ட அறிவிப்பைக் காட்டினாள். மேலே எழுத்தில் மூன்று வரி: சிவப்பு அலை, இந்த வாரத்துப் பட்டியல், சான் பெலாயோ விரிகுடாவும் இன்னும் நான்கு விரிகுடாக்களும். கீழே ஒரு படம். படத்தில் பச்சை நிறத்தில், இரண்டு விரல் உயரத்துக்கு: நச்சு இல்லாத இடங்கள்.

வகுப்பு படத்தை வாய்விட்டுப் படித்தது.

"மேடம், இது சரியாத்தானே இருக்கு," என்றான் ஆர்வின். "மட்டி திங்கலாம்னுதானே போட்டிருக்காங்க. அப்ப இதப் பாத்துட்டு எவன் திங்காதேன்னு சொன்னான்? கண்ணு தெரியாதவனா?"

பின் வரிசையிலிருந்து ஹனிலின் எழுந்தாள். அதிகம் பேசாத பெண். பட்டணத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மா எப்போதாவது போனுக்குக் காசு போட்டுவிட்டால்தான் உண்டு, மற்ற நாளெல்லாம் அவளுக்கு இலவச இணைப்புதான்.

"மேடம், எனக்கு அந்தப் படமே வரல," என்றாள். "காசு இல்லாதப்போ எழுத்து மட்டும்தான் வரும். படம் இருக்கற இடத்துல இப்படித்தான் இருக்கும்."

போனை நீட்டினாள். அதே அறிவிப்பு, அதே மூன்று வரி. கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம்.

"இத மட்டும் படிச்சா, நம்ம விரிகுடாவுல சிவப்பு அலைன்னுதானே மேடம் தோணும்? பொய் சொல்லணும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க."

ஜெனலின் அந்தப் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். அந்தச் சாம்பல் கட்டத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வியாழக்கிழமை காலை, ரோதெலின் வண்டியில் பள்ளிக்கு வரும் வழியில், அவள் போனிலும் காசு தீர்ந்துபோயிருந்தது.

இங்கே நான் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இது நினைவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டி வேண்டாம், அறிவிப்பில் நம் விரிகுடா பேர் இருக்கிறது, முட்டை போடுங்கள் என்று சமையல்கார அம்மாவுக்கு அவள் எழுதியது அவளுக்கு நினைவு இருந்தது. அது ஒரு வேலைச் செய்தி, அவ்வளவுதான். அதைப் போய் வதந்தி என்று யாராவது நினைப்பார்களா? சனிக்கிழமை தெல்மா முத்திரைத் தாளோடு வந்தபோது, துறைக்காரர்கள் முதலில் ஒன்று போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அலுவலகங்கள் அப்படிச் செய்வதுண்டுதான். ஆனால் திரும்பப் போய் ஒரு தடவை பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாளா என்பதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தலையை உயர்த்தினாள். ஐரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குத் தெரியும் என்பது அந்த நொடியில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

இடைவேளை மணி அடித்தது.

*

குழாயடியில் கூட்டம் விலகும் வரை இருவரும் நின்றார்கள்.

"சீட்டக் குடு," என்றாள் ஜெனலின்.

"எந்தச் சீட்டு?"

"ஐரா."

ஐரா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தாள். கொடுக்கவில்லை. "நேத்து சாயந்தரமே அந்தம்மா போனக் காட்டிட்டாங்க. ஆறு மணி அம்பத்திரண்டு நிமிஷம். உங்க பேரு. நான் கிழிச்சுப் போடலாம்னு நினைச்சேன்."

"ஏன் போடல?"

"தெரியல." அவள் சீட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "அம்மா, இத நான் ஒட்ட மாட்டேன். அந்தம்மாவும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. சாயந்தரம் அத்தை கேட்டா கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுங்க. நிறைய செய்திக்கு முதல் ஆளு தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன?"

"நாலு மணிக்கு பசீத்தா பேர எழுதிடுவாங்களே."

ஐரா குழாயைத் திறந்து மூடினாள். அத்தையின் கோபம் அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஜெனலினுக்கும் பயமாகத்தான் இருந்தது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்தபோது துணி துவைத்துப் போட்டவள் தெல்மா. ஐரா பிறந்தபோது நாற்பது நாள் இந்த முற்றத்தை விட்டு அசையாதவள். காலையில் அவள் சொன்ன வார்த்தை மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது. இந்தச் சீட்டை வாங்கிக் குழாயடிச் சாக்கடையில் போட்டுவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன்.

கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் ஐரா கொடுத்துவிட்டாள்.

*

வகுப்பு திரும்பக் கூடியதும் ஜெனலின் நேராகச் சுவரருகே போனாள். சீட்டைப் பிரித்து, எல்லாக் கோட்டுக்கும் மேலே ஒட்டினாள். சமையல்கார அம்மாவின் சீட்டிலிருந்து அதற்கு ஒரு கோடு போட்டாள்.

முதல் வரிசை படித்தது. பிறகு இரண்டாவது வரிசை எழுந்து வந்து படித்தது.

"நான்தான்," என்றாள் ஜெனலின். "ஹனிலின் போன்ல பாத்தீங்கள்ல, அதே மாதிரி எழுத்து மட்டும் வந்துச்சு. துறையோட பக்கம்தானான்னு பாத்தேன், சரியா இருந்துச்சு. தேதி பாத்தேன், சரியா இருந்துச்சு. படம் ஒண்ணு இருக்கு, அது இன்னும் வரலன்னு தெரிஞ்சும் எழுதிட்டேன். அப்புறம் திரும்பிப் பாக்கவும் இல்ல. உங்க அத்தனை பேரு வீட்டுக்கும் வந்தது என் செய்திதான்."

ஆர்வின் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"என்னடா?"

"இந்தப் பாடத்துல உங்களுக்கு எத்தனை மார்க் மேடம்?"

யாரோ அவன் முதுகில் அடித்தார்கள். ஜெனலின், "இல்ல, விடுங்க. நல்ல கேள்வி. நீங்களே போடுங்க," என்றாள்.

அடுத்த கால் மணி நேரம் நடந்ததை அந்தப் பிள்ளைகள் வருஷக் கணக்காகச் சொல்லுவார்கள். யார் சொன்னது என்று பார்த்ததற்கு முழு மதிப்பெண். தேதிக்கு முழு மதிப்பெண். திரும்பிப் பார்க்காததற்குக் கழிவு எவ்வளவு என்பதில் சண்டை. கடைசி இரண்டு பேரைக் கொன்றது மேடம் இல்லை, எங்கப்பா, அதனால் அதை மேடம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஆர்வின் வாதாடினான். கடைசியில் ஹனிலின் எழுந்து, "எழுத்து, படம் எல்லாம் வந்துச்சான்னு பாக்கணும்னு மேடம் நமக்குச் சொல்லித் தரலியே, அவங்களுக்கே தெரியாதில்ல," என்றாள். பரிதாபப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. யோசித்துச் சொன்னாள். பத்துக்கு ஆறு என்று முடிவானது.

ஐரா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஜெனலின் போனுக்குக் காசு போட்டுக்கொண்டு திருத்தச் செய்தி எழுத உட்கார்ந்தாள். எழுதி எழுதி ஒரு பக்கம் ஆனது. ஐரா தோள் வழியாகப் படித்துப் பார்த்தாள்.

"யாரும்மா இத்தனை படிப்பா? ஊரைப் பயமுறுத்த ரெண்டு வரி போதும்னு ஆயிருக்கு. இதுக்கு மட்டும் ஒரு பக்கமா?"

"விளக்கமாச் சொல்ல வேணாமா?"

"வேணாம். தள்ளுங்க."

மகள் தட்டினாள்: 'வியாழக்கிழமை மட்டிச் செய்தியை முதலில் எழுதியது நான். அது தவறு. நம் விரிகுடா சுத்தம், மட்டி தின்னலாம். ஆசிரியை ஜெனலின் ஆர்போலெதா.' கீழே பச்சை எழுத்துப் படம். படம் வராதவர்களுக்காக அதிலிருந்ததை எழுத்திலும் எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் போனை அம்மாவிடம் கொடுத்தாள். ஜெனலின் அழுத்தினாள்.

மூன்றரை மணி வரைக்கும் அதை மற்றவர்களுக்கு அனுப்பியவர்கள் நான்கே பேர்.

*

ரோதெல் பள்ளி வாசலில் வண்டியோடு நின்றான். அவனுக்கும் செய்தி வந்திருந்தது. ஐராவைப் பின்னால் ஏற்றி, ஜெனலினைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓட்டினான். சந்தை தாண்டியதும்தான் வாயைத் திறந்தான்.

"அன்னாசித் தோல் தண்ணி குடிச்சா கண்ணாடி போட வேணாம்னு நான் அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஒருத்தனாவது குடிச்சானா? நான் அனுப்பறதப் பாத்து ஊரே சிரிக்கும். இதையும் நான் அனுப்பியிருந்தா சிரிச்சுட்டு மட்டி வாங்கப் போயிருப்பாங்க. நீ சொன்னதாலதான் ஜென் நம்பிட்டாங்க."

ஆறுதலுக்காகத்தான் அவன் அதைச் சொன்னான். அன்று அவளுக்கு அதைவிட வலித்த பேச்சு வேறு இல்லை.

ஊர் மன்றத்தில் தெல்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். எதிரில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பசீத்தா. நடுவில் செயலாளர், அவர் முன்னால் நீளமான புகார்ப் புத்தகம். தெல்மாவுக்குப் போனைப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

"வந்துட்டியா," என்றாள் தெல்மா. "சொல்லு. யாரு?"

"நான் மனாங்."

"என்ன நான்?"

ஜெனலின் சொன்னாள். நீட்டிச் சொல்லவில்லை. வண்டியில் வந்தது, காசு இல்லாதது, படம் வராதது, முட்டை போடச் சொன்னது. திருத்தி அனுப்பிவிட்டதாகவும், நாளைக்குச் சந்தையில் தானே நின்று ஒவ்வொருவரிடமும் சொல்வதாகவும் சொன்னாள். "என்ன மன்னிச்சிடுங்க மனாங்," என்றாள்.

தெல்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பேசியது பசீத்தா, அதுவும் மெதுவாக.

"ஆறு நாளா சந்தையில நடுவுல நின்னு என்னை என்னென்ன சொன்னே தெல்மா. ஊரக் கெடுத்தவள்னே. புருஷன் இல்லாதவளுக்கு நாக்கு நீளம்னே. என் மகன் கடைக்கு வரவே கூசிப் போயிட்டான். அதையெல்லாம் எந்தப் புத்தகத்துல எழுதறது?"

தெல்மா ஜெனலின் பக்கம் திரும்பினாள்.

"வெளியாள் செஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு மறந்திருப்பேன். ஆறு நாளா என் அடுப்படிக்குள்ளயே இருந்திருக்கே. நான் இந்தம்மாவ வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்து உன்கிட்டதான் சொல்லுவேன். கேட்டுட்டு உக்காந்திருந்தே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ என்ன எழுதினேன்னு திரும்பிப் பாத்திருந்தா இந்தம்மா முன்னாடி நான் இப்படித் தலை குனிஞ்சு உக்கார வேண்டியிருந்திருக்காது."

ஜெனலின் மேசையருகே வந்து நின்றாள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப மனாங், குடும்பத்துக்குள்ள ஆயிடுச்சு. புகார் வேணாம்னு வச்சுக்கலாமா?"

"யாரு சொன்னா?" என்றாள் தெல்மா. "யார்னு தெரியாம தப்பான பேர எழுத வந்தேன். இப்ப தெரிஞ்சுடுச்சு. எழுதுங்க."

அவர் ரோதெலைப் பார்த்தார். வாசலில் மகள் பக்கத்தில் நின்ற ரோதெல், "மனாங்," என்றான். அக்கா திரும்பவில்லை.

"எழுதுங்க," என்றாள் ஜெனலினும்.

செயலாளர் எழுதினார். தேதி. புகார் கொடுப்பவர். எதிர்த்தரப்பு: ஜெனலின் ஆர்போலெதா, ஆசிரியை. விசாரணை சனிக்கிழமை காலை. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு ஒண்ணு கேட்டிருக்கு," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"அத விட்டுடுங்க."

"காலியா விடக் கூடாது மனாங். தலைவர் கையெழுத்துப் போட மாட்டார்."

தெல்மா அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். ஐரா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லன்னு எழுதுங்க," என்றாள் தெல்மா.

செயலாளர் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கொஞ்சம் காத்திருந்தார். எழுதினார்.